பேரம் படியாத கேள்வி

மூன்று தடவை என்று சொல்லியிருக்க வேண்டாம், இரண்டு என்றாலே போதும் என்று பலவேசம் நினைத்தார். அப்புறம், இரண்டும் பொய்தானே என்று நினைத்தார். பிள்ளை வாந்தி எடுத்தது ஒரே ஒரு தடவை. ஆட்டோவில் வரும்போது, சங்க ஆபீசில் அவர் வாங்கிக் கொடுத்த மாம்பழ ஜூஸ் அப்படியே மஞ்சளாக வந்து அவர் வேட்டியில் கொட்டியது. அந்த மஞ்சள் இப்போது காய்ந்து விறைத்துத் தொடையில் உரசிக்கொண்டிருந்தது. அரசு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்கு வெளியே, கால் ஆடுகிற இரும்பு பெஞ்சில், மகள் வயிற்றுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பேத்திக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. நெற்றியின் இடது பக்கம், தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் ஒன்றைச் செருகி வைத்ததுபோல் புடைத்திருந்தது. ரேஷன் கார்டில் அவள் பெயர் தன்விகா. அது எந்த மொழியோ, என்ன அர்த்தமோ, அவருக்கு அவள் பாப்பாதான். பாப்பா அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். மூடியை மாட்டத் தெரிகிற மூளையில் என்ன கெட்டுப்போயிருக்க முடியும் என்று ஒரு நிமிஷம் தைரியமாக இருந்தது. அடுத்த நிமிஷம் அவள் மூடியைத் தவறவிட்டாள், அவர் எடுத்துக் கொடுத்து, மறுபடி மாட்டுகிறாளா என்று பார்த்தார். டாக்டர் ஜெபக்கனி, மகள் மணியைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், தலையை விரலால் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தாள், அப்புறம் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தா, நினைவு தப்பினாளா, எத்தனை தடவை வாந்தி. "மாடிப்படி, டாக்டரம்மா. மேல இருந்து உருண்டு கீழ வந்துட்டா. பேச்சு மூச்சு இல்ல. ஒரு நிமிஷம் இருக்கும். வாந்தி மூணு தடவ." படபடவென்று சொன்னார். ஐம்பது வருஷம் மேடையில் பேசிய வாய், எங்கேயும் தட்டவில்லை. "நான் பார்த்த வரைக்கும் பிள்ளை தெளிவா இருக்கா ஐயா. ஆனா நீங்க சொல்றத நான் தள்ளிவிட முடியாது. ஸ்கேன் எடுத்திருவோம். ஆடாம படுக்கணும், இந்த வயசுல படுக்க மாட்டா, அதனால மயக்க ஊசி போடணும். மயக்க டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார், வரட்டும்." கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டது முழுசாக, ஒரு காசு குறையாமல் கிடைத்தது அவர் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. அதுதான் பயமாக இருந்தது.

பன்னிரண்டு கேள், ஆறு கொடுப்பான். மில்லில் சேர்ந்த புதிதில் அவர் படித்த முதல் பாடம் அது. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் மலிவு விலைச் சிறு புத்தகங்களில், மூலையில் ஸ்டேபிள் துருப்பிடித்த துண்டுப் பிரசுரங்களில், ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவில் கழிவுப் பஞ்சு மூட்டை மேல் சாய்ந்துகொண்டு படித்தது. உலகம் எப்படி நடக்கிறது என்று அவற்றில் எழுதியிருந்தது. மேனேஜர் அறைக்குள் எப்படி நடக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. அதை அவரேதான் கற்றுக்கொண்டார். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை பார்த்த ஒருத்தன் இருமி இருமி ரத்தம் துப்பினான் என்று, ஒருத்தன் என்று, உள்ளதை உள்ளபடி போய்ச் சொன்னார். மேனேஜர் காபியை ஆற்றிக்கொண்டே, ஒருத்தன்தானே, பீடியை விடச் சொல்லு என்றார். அடுத்த வாரம் முப்பது பேர் ரத்தம் துப்புகிறார்கள் என்று நோட்டீஸ் அடித்து வாசலில் ஒட்டினார். தூசி இழுக்கிற காற்றாடி வந்தது, முகத்துக்குத் துணி வந்தது, மேனேஜரே கீழே இறங்கி வந்து தோளில் கை போட்டார். அன்றைக்கு விட்டதுதான், உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கத்தை. ஊர்வலத்துக்கு நூறு பேர் வந்தால் ஆயிரம். அடி விழுந்தால் எலும்பு முறிவு. ஒரு நாள் தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு வாரம். அதிகாரி என்பவன் எப்படியும் பாதியாக வகுத்துத்தான் கேட்பான், ஆகவே நாம் இரட்டிப்பாகப் பெருக்கித்தான் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்து உண்மை நடுவில் வந்து நிற்கும். இது பொய்யில்லை, கணக்கு. இந்தக் கணக்கை வைத்துத்தான் இந்த ஊருக்குக் குழாய் வந்தது, வாசலில் பஸ் நின்றது, இதோ இந்தக் கதவுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்கிற ஸ்கேன் மெஷினே வந்தது. கலெக்டர் ஆபீஸ் முன்னால் சோறு தண்ணியில்லாமல் படுத்துக் கிடந்தது அவர். கதவுக்கு மேலே பளிங்குக் கல்லில் பெயர் இருப்பது வேறு ஆளுக்கு. போகட்டும். கல்லில் பெயர் வேண்டும் என்று யார் படுத்தது. ஆனாலும் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கண் அந்தக் கல்லுக்குத்தான் போகும். இன்றைக்கும் போனது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போதே போனது. என்ன மனுஷன் நான் என்று நினைத்தார். கேஷுவாலிட்டி வாசலில் கூட்டம். கையில் துணி சுற்றிய ஒருத்தன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி, வரிசையில உக்காருங்க தாத்தா என்று ஒரு சிப்பந்தி. மேசையிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னால் யார் எழுந்திருப்பார்கள்? வாய் தானாகத் திறந்து, மாடிப்படி என்றது. எல்லாரும் எழுந்தார்கள்.

ஆனால் அந்த டாக்டர் பெண் பாதியாக வகுக்கவில்லை. அங்கேதான் எல்லாம் கோளாறாகிப் போனது. அவர் ஒரு நிமிஷம் என்றார், அவள் ஒரு நிமிஷம் என்றே எடுத்துக்கொண்டாள். பேரம் படிய ஆள் வேண்டாமா? எதிரில் இருப்பவர் இழுக்க வேண்டாமா? "இது என் இஷ்டத்துக்குச் சொல்றதில்ல ஐயா, இதுக்கு ஒரு விதி இருக்கு" என்றாள். விதி என்றதும் அவருக்கு உடம்பு முறுக்கேறியது, எத்தனை விதியைப் பார்த்திருக்கிறார், எல்லா விதியும் மாட்டேன் என்று சொல்வதற்காகவே எழுதினது. "அதென்னம்மா ஏழை பாழைக்கு ஒரு விதி?" என்று கேட்டும் விட்டார். அவள் கோபப்படவில்லை. "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதிதான். தலையில அடிபட்ட பிள்ளைங்க பல்லாயிரம் பேரை ஒவ்வொருத்தரா கவனிச்சு, யாருக்கு உள்ள ரத்தம் கசிஞ்சுது, யாருக்குக் கசியல, முன்னாடியே என்னென்ன அடையாளம் இருந்துச்சுன்னு எண்ணி எழுதினது. ஒண்ணுமே இல்லன்னா ஸ்கேன் வேண்டாம். ஒண்ணு மட்டும் இருந்தா பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். நீங்க மூணு சொல்றீங்க. கதிர்வீச்சைச் சும்மா பிள்ளை தலையில பாய்ச்ச மாட்டோம், மயக்க ஊசியும் சும்மா போட மாட்டோம். நீங்க சொல்றதாலதான் போடுறோம்." நீங்க சொல்றதாலதான். எண்ணி எழுதினது. பல்லாயிரம் பேரையும் ஒருத்தன் விடாமல் எண்ணியிருக்கிறார்கள். அவர் எதை எண்ணினார்? இந்த மெஷினுக்காக அடித்த நோட்டீஸில், தலைக்காயத்துக்கு ஸ்கேன் இல்லாமல் இந்த ஊர் நாற்பது உயிர்களைப் பறிகொடுத்தது என்று எழுதினார். நாற்பது எங்கிருந்து வந்தது? பேனா முனையிலிருந்து வந்தது. அவருக்குத் தெரிந்த சாவு ஒன்றுதான். சண்முகவேல். தடியடியில் உச்சந்தலையில் வாங்கினான், ரத்தம்கூட வரவில்லை, டீ குடித்தான், இன்ஸ்பெக்டர் தொப்பி பறந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், வீட்டுக்குப் போய்ப் படுத்தான், காலையில் எழுந்திருக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து வடையைப் பிய்த்து அவருக்குப் பாதி கொடுத்தவன். நாற்பது என்று எழுதிய பிறகு அந்த நாற்பதில் சண்முகவேலைக் காணோம். அவன் பெண்டாட்டி அந்த நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுல இவுக பேரு எங்க இருக்கு அண்ணாச்சி என்று கேட்டாள். பலவேசம் மைக்கைச் சரி பண்ணப் போவதுபோல் நகர்ந்துவிட்டார். பாப்பா பேனாவால் அவர் உள்ளங்கையில் கோடு போட்டாள். இவளும் அவன் டீ குடித்துச் சிரித்தது போலத்தானே இருக்கிறாள். சிரிக்கிறவளை நம்பக் கூடாது. அப்படியானால் ஸ்கேன் எடுப்பதுதான் நல்லது, பொய்யோ மெய்யோ, எடுத்துவிட்டால் தெரிந்துவிடும், பொய் சொன்னதே நல்லதாகப் போயிற்று. ஆனால் ஊசி. ஊசி போட்டுத் தூங்கவைத்து, மூச்சு மந்தமாகி, தேவையில்லாமல், அவர் சொன்னதால்.

"தாத்தா, பிள்ளைக்குக் குடிக்க ஒண்ணும் குடுத்திராதிய" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் நர்ஸ், தடித்த உடம்பு, சிரித்த முகம். "ஊசி போடுததுக்கு வயிறு காலியா இருக்கணும். காலையில என்ன சாப்ட்டா?" இட்லி, என்றார். எத்தனை என்றாள். நான்கு என்று சொல்ல வாய் வந்தது, இரண்டு என்றார், ஒன்றரை என்பதுதான் சரி, அரை இட்லியைக் காக்காவுக்குப் போட்டாள். "ஏட்டி ராசாத்தி, தாத்தா கையில என்ன எழுதுத? பரீட்சையா?" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். "நோட்டீசு" என்றது பிள்ளை. "பாத்தியளா, உங்க ரத்தம்" என்று நர்ஸ் சிரித்தாள். "நீங்க அந்த உண்ணாவிரதம் இருந்த பலவேசம் அண்ணாச்சிதான? எங்கப்பா உங்க கூட்டத்துக்கெல்லாம் கூட்டிட்டு வருவாவ. பொரிகடலை வாங்கித் தருவாவன்னு வருவேன்." வேறொரு நாளாக இருந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அப்பா பேர் என்ன, எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டிருப்பார். இப்போது, "எம்மா, அந்த ஊசி, போட்டா ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று மட்டும் கேட்டார். குரல் அவருடையது போலவே இல்லை. "நூத்துக்கு நூறு ஒண்ணும் ஆகாதுன்னு யாரு தாத்தா எழுதித் தருவா? பக்கத்துலயே நிப்போம், மூச்சப் பாத்துக்கிடுவோம். மயக்கத்துல ஒரு சங்கடம் என்னன்னா, பிள்ள ஊசியினால தூங்குதாளா, தலைக்குள்ள கோளாறாகித் தூங்குதாளான்னு கொஞ்ச நேரத்துக்குச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் ஸ்கேன் எடுக்கோம்லா. கவலைப்படாதிய." போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கத் தேய்ந்துகொண்டே போனது. போன் அடித்தது. மகள் மணி. பக்கத்து டவுனில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. புரட்சிமணி என்று அவர் வைத்த பெயரை வெட்டி, மணி என்று மட்டும் மேசைப் பெயர்ப்பலகையில் போட்டு வைத்திருக்கிறாள். பால்வாடிக்கு லீவு என்பதால்தான், வேறு வழியில்லாமல்தான், பிள்ளையை அவரிடம் விட்டுப் போனாள். விடும்போதே, "யப்பா, பிள்ளைய வச்சுக்கிட்டு எவன்கிட்டயும் வாயக் குடுத்துராத" என்றாள். "பஸ் ஏறிட்டேன். என்னாச்சு? யாரோ ஆஸ்பத்திரின்னு சொல்லுதாவ. யப்பா, என்னாச்சு சொல்லு." "விழுந்துட்டா. ஒண்ணுமில்ல. வா." "எங்க இருந்து விழுந்தா?" பஸ் ஹாரன் சத்தம். "எங்க இருந்துப்பா?" மாடிப்படி என்றால் அவள் பஸ்ஸிலேயே உயிரை விட்டுவிடுவாள், மேசை என்றால் டாக்டரிடம் சொன்னது என்னாவது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு வாக்குமூலம் கொடுத்தால் கேஸ் நிற்காது. "டவர் கெடைக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போய்ச் சொல்லிவிடலாம். டாக்டரம்மா, மேசையிலிருந்துதான் விழுந்தாள், மேசை மேல் இரண்டு கட்டுப் பிரசுரம், அதன் மேல் உட்கார்ந்திருந்தாள், வாந்தி ஒரே தடவை. இதுவரைக்கும் சொல்ல முடியும். நாக்குக் கூசும், கூசட்டும். வாழ்நாளில் ஒரு வார்த்தையை வாபஸ் வாங்காதவன் என்று பெயர், இனிமேல் அந்தப் பெயரை வைத்து யார் கஞ்சி ஊற்றப் போகிறார்கள். சிக்கல் அதில்லை. சிக்கல், நடுவில் இருக்கிற அந்தக் கேள்வி. நினைவு தப்பினாளா. விழுந்ததும் அழுதாளா. கண்ணை மூடிப் பார்த்தார். பிள்ளை தரையில் கிடக்கிறாள், கண் செருகியிருக்கிறது, அவர் குனிந்து பாப்பா பாப்பா என்கிறார், அசையவில்லை. இது டாக்டரிடம் சொன்னது. சொன்னதும் அப்படியே படமாக வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கு முன்னால் இருந்த படம் எங்கே? முப்பது பேர் ரத்தம் துப்பினதைக்கூட அவர் இன்றைக்குக் கண்ணால் காண்கிறார், வரிசையாக, முகம் முகமாக. எழுதினதெல்லாம் நடந்ததாகிவிட்டது, நடந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பிடிவாதமாகத் திரும்பவும் போனார். ஆபீஸ். சன்னலில் வெயில். சங்கத்தில் கூட வேலை பார்க்கிற சுடலைமுத்து எதிரில் நாற்காலியில், நோட்டீஸ் கையெழுத்துப் பிரதியோடு. பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை கேட்டு நோட்டீஸ். தினசரி ஐம்பது பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள் என்று எழுதி வைத்திருந்தான். அவருக்கு ஆத்திரம். "ஐம்பதுன்னு எழுதினா எவன்வே பாப்பான்? ஐந்நூறுன்னு போடும்." "போயி நின்னு எண்ணினேன் அண்ணாச்சி. ஐம்பதுதான்." "எண்ணினீராக்கும். எண்ணுததுக்கு ஆள் வேணும்னா வேற ஆளு இருக்கு. போராடுததுக்குத்தான் நீரு. ஐம்பது பேருக்காக இந்த நாட்டுல எவனாவது..." அங்கேதான் அந்தச் சத்தம். பின்னால். தேங்காய் விழுந்தது போல. முதுகுத்தண்டில் கேட்ட சத்தம். அப்புறம்? அப்புறம் அவர் தரையில் குனிந்திருக்கிறார். சத்தத்துக்கும் குனிந்ததற்கும் நடுவில் என்ன? அங்கே ஒன்றும் இல்லை, வெள்ளையாக, அச்சாகாமல் விட்டுப்போன பக்கம் போல. அந்த வெள்ளையைத்தான் அவர் ஒரு நிமிஷம் என்று டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எவ்வளவு நேரம் அது? அவள் பேசாமல் கிடந்தாளா, அழுதாளா? மறுபடி மேசை, மறுபடி வெயில், மறுபடி ஐம்பது பேருக்காக இந்த நாட்டுல எவனாவது. அந்த வாக்கியம் முடிந்ததா? முடிந்தது. நாற்காலிய விட்டு எந்திரிப்பானா, என்று. ஆமாம், முடித்தார். சத்தம் கேட்ட பிறகு முடித்தார். முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த மேசை சுடலைமுத்துவுக்கு நேர் எதிரில். அவன் பார்த்திருப்பான். அவனைக் கேட்பதா? ஆட்டோவை நிறுத்தக் கீழே ஓடினவனை, கூட வாரேன் அண்ணாச்சி என்றவனை, "நீரு வந்து என்ன வைத்தியம் பாக்கப் போறீரு, நோட்டீஸக் கொண்டு போயி அச்சாபீஸ்ல குடும், ஐந்நூறுன்னு திருத்திக் குடும்" என்று விரட்டினவர் அவர். பேசினால் கேட்பான், பிள்ளை எப்படி இருக்கா என்று கேட்பான், அப்புறம் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்பான், ஊரெல்லாம் சொல்வான், கிழவர் கண்ணுக்கு முன்னால் நடந்தது தெரியாமல் என்னிடம் கேட்டார் என்று. கேட்கட்டும். வராந்தாக் கோடியில் பச்சைச் சட்டை போட்ட ஒருத்தர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கூட நர்ஸ், கையில் கிண்ணம். மயக்க டாக்டராக இருக்கும். பலவேசம் போனில் சுடலைமுத்துவின் எண்ணை அழுத்தினார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுத்தான். "அண்ணாச்சி, பாப்பா எப்படி இருக்கா?" "இருக்கா. வே, ஒண்ணு கேக்கேன், எனக்காகச் சொல்ல வேண்டாம், உள்ளதச் சொல்லும். விழுந்ததும் பாப்பா என்ன செஞ்சா? நீரு பாத்தீர்லா?" பின்னால் அச்சு மெஷின் ஓடுகிற சத்தம். "பாத்தேன் அண்ணாச்சி. கட்டு சரிஞ்சுது, சரிஞ்சு விழுந்தா. நான் எந்திரிக்கதுக்குள்ள விழுந்துட்டா." "விழுந்து?" "அழுதா." "எப்ப?" "உடனேதான். விழுந்த உடனே வீல்னு அழுதா. எந்திரிச்சு உக்காந்து அழுதா. உங்களப் பாத்துத்தான் கைய நீட்டினா." "எனக்குக் கேக்கலயேவே." "நீங்க பேசிக்கிட்டு இருந்தியல்லா அண்ணாச்சி. அவ அழவும் நீங்க திரும்பாமலே, இப்படிப் பின்னால கையக் காட்டி, இரு இருன்னு சொன்னிய. அப்புறம் முடிச்சுட்டுத்தான் திரும்பினிய." பலவேசம் தன் வலது கையைப் பார்த்தார். கூட்டத்தில் சலசலப்பு வந்தால் மேடையிலிருந்து தூக்கிக் காட்டுகிற கை. அதைத் தூக்கினால் பத்தாயிரம் பேர் அடங்குவார்கள் என்று சொல்லுவார்கள், சொன்னதும் அவர்தான். உள்ளங்கை முழுக்கப் பாப்பா பேனாவால் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தாள். "அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா?" "இருக்கேன். போன வைக்காதேயும்."

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தார். டாக்டர் ஜெபக்கனி ஸ்கேன் அறை வாசலில் பச்சைச் சட்டைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மாடிப்படி, நினைவு தப்பியிருக்கு, மூணு தடவை வாந்தி என்று அவர் சொன்னதையே ஒரு எழுத்து மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பேச்சை இவ்வளவு மரியாதையாக எடுத்துச் சொன்னவர்களை அவர் பார்த்ததில்லை. "டாக்டரம்மா" என்றார். "ஊசி வேண்டாம். இருங்க. நான் சொன்னது தப்பு." "எது தப்பு?" "மாடிப்படி இல்ல. மேசை. இவ்வளவு உயரம்" என்று கையால் நெஞ்சு வரை காட்டி, அப்புறம் யோசித்து, கையை இடுப்புக்கு மேலே ஒரு சாண் மட்டும் வைத்தார். "வாந்தி ஒரு தடவ. ஜூஸ் குடிச்சிருந்தா." அந்தப் பெண்ணின் முகம் மாறியது; கோபம்தான், ஆனால் அதற்கு நேரமில்லை என்பதுபோல் ஒதுக்கி வைத்தாள். "ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?" "கொறச்சுச் சொன்னா பாக்க மாட்டியன்னு." பச்சைச் சட்டைக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கன்னு நெனச்சுட்டீங்க. சரி. நினைவு தப்பினாளா? இதை மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க. இதுலயும் கூட்டினா பிள்ளைக்குக் கெடுதல், குறைச்சாலும் கெடுதல்." இரண்டு பக்கமும் கெடுதல் என்கிற பேச்சை அவர் எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் கேட்டதில்லை. வாய் திறந்தார். உடனே அழுதாள் என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் அது அவர் பார்த்த உண்மை இல்லை. அவர் சொன்னால் அதுவும் அவர் சொன்னதாகத்தான் ஆகும். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நான் பாக்கல. பாத்த ஆளு லைன்ல இருக்காரு. சுடலைமுத்துன்னு பேரு. நீங்களே கேட்டுக்கிடுங்க." போனை நீட்டினார். தன் சார்பில் இன்னொருத்தனைப் பேசவிட்டு ஓரமாக நிற்பது எப்படி என்று தெரியாமல் பிள்ளையின் செருப்பு வாரை மாட்டினார், கழற்றினார். டாக்டர் கேட்டாள், கேட்டதையே வேறு விதமாகத் திருப்பிக் கேட்டாள், ம், ம், எந்திரிச்சு உக்காந்தாளா, உங்களை அடையாளம் தெரிஞ்சுதா, சரி. போனைத் திருப்பித் தந்தாள். பாப்பாவைக் கீழே இறக்கி விடச் சொன்னாள்; நடக்கவைத்தாள், பெயர் கேட்டாள், தலை வலிக்குதா கண்ணு என்றாள். "இங்க மட்டும்" என்று பாப்பா புடைப்பைத் தொட்டுக் காட்டினாள். "ஸ்கேன் வேண்டாம் சார்" என்று பச்சைச் சட்டைக்காரரிடம் சொன்னாள் டாக்டர். "வாந்தி ஒண்ணுதான். வச்சுப் பார்ப்போம்."

"நிச்சயமாம்மா?" என்று பலவேசம் கேட்டார். சண்முகவேலின் பெயரைச் சொல்ல நினைத்து, பெயரை விட்டுவிட்டுச் சொன்னார். "எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தன். நல்லாத்தான் இருந்தான். சிரிச்சுக்கிட்டு இருந்தான். காலையில இல்ல." நாற்பது என்று சொல்லவில்லை. "அதுக்குத்தான் ஐயா வச்சுப் பார்க்கிறது" என்றாள் அவள், இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வீட்டுக்கு அனுப்பல. சாயங்காலம் வரைக்கும் இங்கதான். மறுபடி வாந்தி எடுத்தா, தலைவலி கூடினா, பேச்சு குழறினா, எழுப்பி எழுந்திருக்கலன்னா உடனே கூப்பிடுங்க, அப்ப ஸ்கேன் எடுத்துருவோம். வேற ஒரு வேலையும் இல்ல உங்களுக்கு. பிள்ளையப் பாருங்க, பார்த்ததைச் சொல்லுங்க. பார்க்காததை எனக்குச் சொல்லாதீங்க." போய்விட்டாள். வார்டில் ஓரத்துக் கட்டிலைக் காட்டினார்கள். பாப்பாவைப் படுக்கவைத்துப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் பேனாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். கண் இமை கனத்து இறங்கியது. மதியத் தூக்கம்தான், தினமும் தூங்குகிற நேரம்தான் என்று நினைத்தார், அல்லது இல்லையோ, அவள் தினமும் எப்போது தூங்குவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்கேன் எடுத்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். ஊசி போட்டிருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ. அங்கேயும் இங்கேயும் போய் நினைப்பு களைத்தது. பிள்ளையைப் பார்த்தார். இடது புருவத்தில் நடுவே ஒரு சின்ன வழுக்கை, முடி இல்லாமல். அது பிறந்ததிலிருந்தே இருக்கிறதா, இப்போது வந்ததா? கீழுதடு மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. காதில் குத்தின துளையில் வேப்பங்குச்சி இருந்தது. எப்போது காது குத்தினார்கள்? அவரைக் கூப்பிட்டார்களா? கூப்பிட்டிருப்பார்கள். ஏதோ கூட்டத்தில் இருந்திருப்பார். தோளைத் தட்டி எழுப்பினார். பாப்பா முகத்தைச் சுளித்துக் கண்ணைத் திறந்து, "போ தாத்தா" என்று கையைத் தட்டிவிட்டாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன தாத்தா, எப்படி?" என்றாள். நல்லா இருக்கா என்று சொல்ல வாய் போனது. நிறுத்தினார். "தூங்கினா. எழுப்பினேன். போ தாத்தான்னா. கையத் தட்டிவிட்டா" என்றார். "அது போதும்" என்று போனாள் நர்ஸ். மறுபடி இமை இறங்கியது, மறுபடி உதடு போய் வந்தது, அவர் மூச்சை எண்ண ஆரம்பித்தார், எண்ணிக்கை தவறியது, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வார்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மணி ஓடி வந்தாள், வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டிலைப் பார்த்தாள், புடைப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "யப்பா, என்னாச்சு?" அவர் திரும்பவில்லை. கண்ணைப் பிள்ளையின் உதட்டை விட்டு எடுக்காமலேயே சொன்னார்: "மேசையில இருந்து விழுந்துட்டா. உடனே அழுதா. நான் திரும்பல." மணி கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவர் வேட்டியில் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்து, "நீ எந்திரிச்சுப் போயி மொகத்தக் கழுவு, நான் பாக்கேன்" என்றாள். "இரு" என்றார் அவர், "இந்த மூச்சு வரட்டும்."